எட்கேம்ப்: முகாம் அல்ல, பாசறையும் அல்ல

பிழை திருத்த வந்த கட்டுரையில் மறுபடியும் அதே வரி: 'அமெரிக்க ஆசிரியர்களுக்குக் கல்வி முகாமில் பயிற்சி அளிக்கப்பட்டது.' ஆசிரியர்கள் தாங்களாகவே கூடிப் பேசிக் கற்கும் 'எட்கேம்ப்' (Edcamp) என்ற நிகழ்வைத்தான் கட்டுரையாளர் சொல்கிறார். அங்கே யாரும் யாருக்கும் பயிற்சி அளிப்பதே இல்லை!

சொல்லின் கதை சின்னது. 2003இல் கலிபோர்னியாவில் ஓரைலி பதிப்பகம் அழைத்த நண்பர்கள் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். அது ஃபூ கேம்ப். அழைப்பே வேண்டாம், யாரும் வரலாம் என்று 2005இல் பார்கேம்ப் வந்தது. அதைப் பார்த்து ஆசிரியர்கள் 2010 மே மாதம் ஃபிலடெல்பியாவில் தொடங்கியது எட்கேம்ப். கூடாரம் எப்போதோ போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

காலையில் சுவரில் ஒரு வெற்று அட்டவணை இருக்கும். நேரமும் அறை எண்ணும் மட்டும். 'பின்னம் என்றாலே பயப்படும் பிள்ளைகளை என்ன செய்வது?' என்று ஒருவர் சீட்டு எழுதி ஒட்டுவார். அதே கவலை உள்ளவர்கள் அந்த அறையில் உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு பயன்படவில்லையென்றால் எழுந்து அடுத்த அறைக்குப் போகலாம். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். அதற்கு 'இரண்டு கால் விதி' என்றே பெயர். கட்டணமும் கிடையாது.

முகாம் அரபியிலிருந்து வந்த சொல். அதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. கண் சிகிச்சை முகாம், குறைதீர் முகாம் என்று கேட்டுப் பழகிய காதில், கொடுப்பவர் மேசைக்கு அந்தப் பக்கமும் வாங்குபவர் வரிசையிலும் நிற்கிறார்கள். எட்கேம்பில் அந்த மேசையே கிடையாது.

சரி, தூய தமிழில் 'கல்விப் பாசறை' என்போம் என்கிறார்கள். எனக்கும் தமிழ்ச்சொல் மீது ஆசைதான். ஆனால் முல்லைப்பாட்டின் பாசறையைப் பாருங்கள்: நடுவில் அரசன், சுற்றிலும் காவல், நேரத்தை அளந்து சொல்லத் தனி ஆட்கள். இன்று கட்சிகள் வைக்கும் பாசறையிலும் தலைவர் பேசுவார், தொண்டர் கேட்பார். பிடிக்கவில்லை என்று பாசறையிலிருந்து எழுந்து போனால் அதற்குப் பெயரே வேறு. வேர் தமிழாக இருந்தால் போதுமா? பொருள் தலைகீழாகிவிடுகிறதே.

நான் சொல்வது 'ஆசிரியர் கூடல்'. கூடல் என்றால் காமத்துப்பால் நினைவு வரும் என்று ஒருவர் தயங்கினார். மதுரைக்கே நான்மாடக்கூடல் என்று பெயர். அங்கே யாரும் கூச்சப்படுவதில்லை. கூடலில் எல்லோரும் வந்து சேர்கிறவர்கள்தான், நடத்துகிறவர் என்று ஒருவர் இல்லை.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்குமுன் அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். ஆசிரியர் என்று வந்தாலே 'அளிக்கப்பட்டது', 'வழங்கப்பட்டது' என்று கை தானாக எழுதுகிறது. அவர்களாக எதுவுமே செய்யமாட்டார்களா?

அந்த வரியை இப்படித் திருத்தி அனுப்பினேன்: 'அமெரிக்க ஆசிரியர்கள் தங்கள் கூடலில் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டார்கள்.'