பிரேக் கட்டியாக இருக்கிறதா? லைனிங்கை விடுங்கள், முதலில் வேக்கத்தைப் பாருங்கள்

"அண்ணே, பிரேக் கட்டியா இருக்கு, லைனிங் மாத்திடுங்க." பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்ததும் சொல்வது பெரும்பாலும் இதுதான். கழற்றிப் பார்த்தால், சக்கரத்துக்குள் உரசி வண்டியை நிறுத்தும் அந்த லைனிங் நன்றாகவே இருக்கும். ஏற்கெனவே வேறு எங்கோ ஒருமுறை மாற்றிக் காசும் போயிருக்கும், பெடல் மட்டும் கல் மாதிரி நிற்கும். சக்கரத்தில் ஒரு கோளாறும் இல்லை, பானெட்டுக்குள் வேக்கம், அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம், கசிகிறது.

பிரேக்கை நாம் காலால் மட்டும் அழுத்துவதில்லை. பெடலுக்கு முன்னால் இருக்கும் வட்டமான பூஸ்டருக்குள் ஒரு ரப்பர் டயாப்ரம் இருக்கிறது. பெடலை மிதித்ததும் அதன் ஒரு பக்கம் வேக்கம், மறுபக்கம் வெளிக்காற்று, இந்த வித்தியாசம்தான் காலோடு சேர்ந்து தள்ளுகிறது. பெட்ரோல் வண்டியில் இந்த வேக்கம் எஞ்சின் காற்றை இழுக்கும் இன்டேக்கிலிருந்தே கிடைத்துவிடும். பழைய டீசலில் காற்றை அடைக்கும் த்ராட்டில் தகடு இல்லாததால் இன்டேக்கில் அந்த இழுவை கிடையாது, அதற்காகத் தனி வேக்கம் பம்ப் வைத்திருப்பார்கள். பல பிக்கப்களில் அது டைனமோவின் பின்பக்கம், அதே ஷாஃப்டில் சுற்றும்.

இதனால்தான் அந்த வண்டிகளில் சார்ஜ் லைட் எரிந்தால் நான் அவ்வளவு பயப்படுகிறேன். "பேட்டரி லைட்தானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று லோடோடு ஓட்டுகிறார்கள். டைனமோவைச் சுற்றும் பெல்ட் அறுந்திருந்தால் பம்ப்பும் அப்போதே நின்றுவிட்டது, பூஸ்டரில் மிச்சம் இருப்பது இரண்டு மூன்று அழுத்தலுக்கு மட்டும்தான்.

சரி, வேக்கம் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம், கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை அழுத்துங்கள், கட்டியாகும். அப்படியே மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும், இறங்கவில்லை என்றால் வேக்கம் வரவில்லை அல்லது பூஸ்டரே வேலை செய்யவில்லை. இறங்கினால், ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு, பெடலை மிதித்துப் பிடித்தபடியே எஞ்சினை அணைத்துவிட்டு அரை நிமிடம் காத்திருங்கள். கால் மேலே தள்ளப்பட்டால் வேக்கம் நிற்காமல் எங்கோ கசிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எங்கே என்று தேடும்போது பம்ப்பிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ரப்பர் ஓஸில்தான் முதலில் கை வைப்பேன், அதுவும் இரண்டு முனைகளிலும், கிளிப்புக்கு அடியிலும். நடுவில் புதிது போல இருக்கும், முனையில் விரலால் வளைத்தால் கீறல் வாய் திறக்கும். மிதிக்கும்போது காலடியில் 'உஸ்' என்று நிற்காமல் சத்தம் வந்தால் டயாப்ரமோ உள்ளே இருக்கும் வால்வோ போயிருக்கிறது. ஓஸைக் கழற்றும்போது உள்ளே பிரேக் ஆயில் ஈரம் தெரிந்தால் பூஸ்டருக்கு முன்னால் இருந்து பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் கசிகிறது, வெளியே ஒரு சொட்டுகூட விழாமல் ஆயில் குறைவதன் ரகசியம் இதுதான். சில வண்டிகளில் டர்போவுக்கும், புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆருக்கும் இதே பம்ப்பிலிருந்து மெல்லிய டியூப்கள் போகும், அங்கே கசிந்தாலும் பிரேக் வேக்கம் குறையும். வேக்கம் அளக்கும் கேஜை மாட்டிவிட்டு அந்தக் கிளைகளை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்தால் எதை அடைத்ததும் முள் ஏறுகிறதோ அங்கேதான் கோளாறு.

சமவெளியில் நல்ல பம்ப் என்றால் கேஜில் 600 மில்லிமீட்டருக்கு (பாதரச அளவில்) மேல் காட்டும். ஊட்டி உயரத்தில், அதாவது சுமார் 2,240 மீட்டரில், வெளிக்காற்றின் அழுத்தமே 580 மில்லிமீட்டர் அளவுதான், அதனால் நல்ல பம்ப்பும் அங்கே குறைத்துத்தான் காட்டும். சமவெளியிலேயே தடுமாறுகிற பம்ப்போடு காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். அதிலும் டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பம்ப் புதிதாக இருந்தாலும் எஞ்சின் நின்றால் அதுவும் நின்றதுதான், கியரில் இருக்கும்போது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும் எஞ்சின் பிரேக்கும் இல்லாமல் போய்விடும்.

கசிவைக் கண்டுபிடிக்க, வீடியோக்களில் கார்புரேட்டர் கிளீனரை அடித்து எஞ்சின் சுற்றும் வேகம் (ஆர்பிஎம்) மாறுகிறதா என்று பார்ப்பார்கள். அது பெட்ரோல் எஞ்சினுக்கான வழி. டீசல் பிக்கப்பின் பிரேக் ஓஸில் அடித்தால் எதுவும் தெரியாது, சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் தீப்பிடிக்கிற அபாயம்தான் மிச்சம்.

மாற்றும்போது கையில் கிடைத்த தண்ணீர் டியூபையோ டீசல் டியூபையோ வெட்டி மாட்டாதீர்கள், சூடானதும் வேக்கம் அதை உள்பக்கமாக உறிஞ்சி ஒட்டவைத்துவிடும், வண்டி குளிர்ந்ததும் மறுபடி சரியாகி உங்களையும் மெக்கானிக்கையும் குழப்பும். பூஸ்டருக்கென்று வரும் கெட்டி ஓஸையே, காற்று பூஸ்டருக்குள் திரும்பாமல் தடுக்கும் ஒருவழி வால்வோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். வால்வில் அம்புக்குறி இருந்தால் அது பம்ப் பக்கம் பார்க்க வேண்டும். மாட்டிய பிறகு மேலே சொன்ன சோதனைகளை இன்னொரு முறை செய்து பார்த்துவிட்டு அப்புறம் லோடு ஏற்றுங்கள்.