மருந்து அடிக்காத ஒரு மா

சம்பா நட்டு மூன்று வாரம் ஆன வயலில் அங்கங்கே சில இலைகள் நீளவாக்கில் சுருண்டிருக்கும். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பச்சைப் புழு, அது சுரண்டித் தின்ற இடம் வெள்ளைக் கோடாக வெளுத்திருக்கும். இலைச்சுருட்டுப் புழு. மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் பெரியப்பா இந்த வெள்ளையை வரப்பிலிருந்து பார்த்த அன்றைக்கே மருந்து வாங்க ஆள் அனுப்பிவிடுவார். 30 வருஷமாக அடித்தார். புயலும் வறட்சியும் வந்த வருஷங்கள் நீங்கலாக மாவுக்கு, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்கு, பத்து, பன்னிரண்டு மூட்டை கண்டார். “அடிச்சேன், பயிரு பொழச்சுது” என்பார்.

அதில் பொய் இல்லை. அடித்ததும் உண்மை, விளைந்ததும் உண்மை. அடிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. ஒரு போகம்கூட அவர் அப்படி விட்டதில்லை.

நம் நம்பிக்கைக்குச் சாதகமானதையே தேடுவது, அதையே நினைவில் வைப்பது, பாதகமானது வந்தால் ஒரு சமாதானம் சொல்லி ஒதுக்குவது. இதை உளவியலில் உறுதிப்படுத்தல் சார்பு என்கிறார்கள். பிடிவாதக்காரர்களின் குணம் என்று இதை நினைத்துவிடக் கூடாது. 1960-ல் லண்டனில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் 2, 4, 6 என்று மூன்று எண்களைக் கொடுத்தார். இவை ஒரு விதிப்படி அமைந்தவை, நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லுங்கள், விதிக்குப் பொருந்துகிறதா என்று சொல்கிறேன், உறுதியானதும் விதியைச் சொல்லுங்கள் என்றார். ‘இரண்டிரண்டாகக் கூடுகிறது’ என்று மனதுக்குள் நினைத்தவர் 8, 10, 12 என்பார். பொருந்தும். 20, 22, 24. அதுவும் பொருந்தும். ஆனால் விதி அதுவல்ல. ஏறுவரிசையில் இருக்கும் எந்த மூன்று எண்ணும் பொருந்தும். 29 பேரில் 6 பேர்தான் முதல் அறிவிப்பிலேயே சரியாகச் சொன்னார்கள். மற்றவர்கள் 1, 2, 10 என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்திருந்தால் அவர்கள் கணக்கு அங்கேயே உடைந்திருக்கும். அந்த மாணவர்களுக்கு இதில் பணமும் போகவில்லை, ஊரில் காப்பாற்ற வேண்டிய பெயரும் இல்லை. அப்படியும் மனம் ‘ஆமாம்’ என்ற பதில் வரும் இடத்திலேயே போய்த் தட்டுகிறது.

வயலுக்கு வருவோம். மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய நான்கு கட்டம் வேண்டும்: அடித்து விளைந்தது, அடித்தும் விளையாதது, அடிக்காமல் விளைந்தது, அடிக்காமல் விளையாதது. பெரியப்பாவிடம் முதல் கட்டம் நிரம்பி வழிந்தது. இரண்டாவதில் கொஞ்சம் இருந்தது, அதற்குப் ‘போலி மருந்து’, ‘லேட்டா அடிச்சோம்’ என்று காரணம் இருந்தது. மூன்றும் நான்கும் காலி.

இந்த நான்கு கட்டத்தைப் பற்றி 1965-ல் வார்ட், ஜென்கின்ஸ் என்ற இருவர் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அது மழையைப் பற்றியது. மேகத்தில் மருந்து தூவினால் மழை வருகிறதா என்று கணிக்கச் சொன்னார்கள். சிலருக்கு ஒவ்வொரு நாளாகக் காட்டினார்கள்: இன்று தூவினோம், மழை பெய்தது; இன்று தூவவில்லை, மழை இல்லை. சிலருக்கு நான்கு எண்ணிக்கையையும் ஒரே அட்டவணையில் கொடுத்தார்கள். அட்டவணையை மட்டும் பார்த்தவர்களில் பெரும்பாலோர் சரியாக ஒப்பிட்டார்கள். நாள்நாளாகப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் தவறினார்கள். நாள்நாளாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் அட்டவணையும் கிடைத்தவர்களிலும் பாதிக்கு மேல் தவறினார்கள். வெள்ளாமையும் அப்படி ஒவ்வொரு போகமாகத்தானே வருகிறது? யாரும் அதை அட்டவணையாகக் கையில் கொடுப்பதில்லை. அனுபவம் என்று நாம் மதிப்பதன் உள்ளே இந்த ஓட்டை இருக்கிறது. அனுபவசாலியின் தவறு அதனால்தான் இன்னும் கெட்டியாக இருக்கிறது.

நெல் விஷயத்தில் அந்தத் தவறு தன்னைத் தானே வளர்த்தும் கொள்கிறது. தூர் கட்டும் பருவத்தில் கொஞ்சம் இலை போனால் பயிர் புதுத் தூரும் இலையும் விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். ஆனால் அப்போது அடிக்கும் மருந்து வயலில் இருக்கும் சிலந்திகளையும், புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சியின் முட்டையை உறிஞ்சித் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் சேர்த்துக் கொன்றுவிடும். காவல் போன வயலில் அப்புறம் புகையான் பெருகும். அதற்கும் மருந்து. ‘இந்த வருஷம் பூச்சி ஜாஸ்தி, நல்லவேளை அடிச்சோம்’ என்று முதல் கட்டத்தில் இன்னொரு கோடு விழும்.

சரி, இதிலிருந்து எப்படி வெளியே வருவது? ‘நடுநிலையாக யோசி’ என்று சொல்லிப் பயனில்லை. 1984-ல் லார்ட், லெப்பர், பிரெஸ்டன் மூவரும் மரண தண்டனை பற்றி உறுதியான கருத்துள்ளவர்களிடம் ஆய்வு முடிவுகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். பாரபட்சம் இல்லாமல் பார் என்று கேட்டுக்கொண்டது சார்பைக் குறைக்கவில்லை. ‘இதே ஆய்வு எதிர்ப் பக்கத்துக்குச் சாதகமாக முடிந்திருந்தால் இதே மதிப்பைக் கொடுத்திருப்பாயா என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொள்’ என்றது குறைத்தது.

மீகாங் டெல்டாவில் ஒரு படி மேலே போனார்கள். வியட்நாமின் லாங் ஆன் மாகாணத்தில் 1994-ல், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. எல். ஹியாங்கும் எஸ்கலாடாவும் மற்றவர்களும் ‘முதல் 40 நாள் மருந்து வேண்டாம்’ என்ற செய்தியை ரேடியோவில் குட்டி நாடகமாகப் போட்டார்கள். நம்பு என்று கேட்கவில்லை, உன் வயலில் ஒரு மூலையில் செய்து பார் என்றார்கள். சில ஆண்டுகளில் அங்கே மருந்து அடிப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஒருவருடைய அனுபவத்தை அவமதிக்காமல் அதில் காலியாக இருக்கும் கட்டத்தை நிரப்பச் சொல்வதைவிட நல்ல அணுகுமுறை எனக்குத் தெரியவில்லை.

பெரியப்பாவிடம் அதைத்தான் கேட்டேன். “வாய்க்காலோரம் ஒரு மா மட்டும் விடுங்க பெரியப்பா.” இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: எத்தனை மூட்டை குறைந்தால் நீ சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்வாய், இப்போதே சொல். இரண்டு மூட்டை என்றேன். டைரியில் தேதி போட்டு எழுதினார். அவர் கேட்டிராவிட்டால், குறைந்த மூட்டைகளுக்கு நானும் மண்ணையோ எலியையோ காரணம் காட்டியிருப்பேன். அந்த வயலுக்குப் போகும்போதெல்லாம் சிலந்தி வலைகளை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அதன்பிறகு புழு இருக்கும் இலைகளையும் எண்ணி எழுத ஆரம்பித்தேன்.

அறுவடையில் மருந்து அடித்த மாவில் பதினொன்றரை மூட்டை, அடிக்காததில் பதினொன்று. பெரியப்பா டைரியைப் பார்த்தார். “ஒரு போகத்தை வச்சு என்ன தம்பி சொல்றது? அது வாய்க்கா ஓரம், வண்டல் மண்ணு வேற.” நியாயமான கேள்வி. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலும் இதே கேள்விக்காகத்தான் ஒரு சோதனையைப் பல பாத்திகளில் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். 30 வருஷத்தில் அவர் மருந்தைப் பார்த்து அப்படிக் கேட்டதில்லை.

அடுத்த சம்பாவில் மேட்டில் ஒரு மா, பள்ளத்தில் ஒரு மா என்று அவரே பிரித்துக் குச்சி நட்டார். எந்த மா எது என்று களத்தில் தூற்றும் ஆட்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.