பேக்கேஜ் பட்டியலைக் கையால் வெட்டாதீர்கள்

அரைப் பரீட்சைக்கு முந்தைய வாரம், குளச்சல் பக்கத்தில் ஒரு கடலோர ஊர்ப் படிப்பகத்திலிருந்து டீச்சர் கூப்பிட்டார். "தம்பி, புதுப் பெட்டி எல்லாம் நல்லாத்தான் ஓடுது. ஆனா பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் பிரிண்ட் எடுக்க முடியல்ல. பிரிண்டர் பேரு காட்டுது, கொடுத்தா ஒண்ணும் வரல்ல" என்றார். நாகர்கோவிலிலிருந்து கிளம்பிப் போனேன். பிரிண்ட் வேலையைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருளின் பதிவைத் திறந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. பழைய கணினியிலிருந்து எடுத்துவந்த பிரிண்டர் அமைப்பு ஒரு ஃபில்டர் நிரலைத் தேடுகிறது, அந்தக் கோப்பே வட்டில் இல்லை. பிரிண்டர் கம்பெனி தந்த டெப் கோப்பில் (டெபியன் லினக்ஸின் நிறுவல் கோப்பு) வரும் நிரல் அது. இன்டெல், ஏஎம்டி ரகக் கணினிகளுக்கு மட்டும் கம்பைல் செய்து கொடுத்திருந்தார்கள். புதுப் பெட்டிகளில் நிறுவ வேண்டிய பேக்கேஜ்களின், அதாவது மென்பொருள் பொதிகளின், பட்டியலிலிருந்து அந்த வரியை வெட்டியவன் நான்தான். ஏன் வெட்டினேன் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. வெட்டியதே நினைவில் இல்லை.

இன்டெல், ஏஎம்டி கணினிகளை விட்டு, ஆர்ம் ரகச் சிப்பில் ஓடும் சின்னப் போர்டுகளுக்கு மாறலாமா என்று பள்ளிகளிலிருந்தும் சங்கங்களிலிருந்தும் என்னிடம் கேட்டு வருகிறார்கள். மாறுங்கள் என்றுதான் சொல்கிறேன். எங்கள் கடற்கரையில் கணினியைக் கெடுப்பது பெரும்பாலும் உப்புக்காற்று. ஃபேன் அந்தக் காற்றை நாள் முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். கொஞ்ச காலத்தில் போர்டின் முனைகளில் பச்சை பூக்கத் தொடங்கிவிடும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே கிடைக்கும் மாவட்டம் இது. இடி மின்னல் வந்தால் கரண்ட் போகும். ஃபேன் இல்லாமல் சில வாட்டில் ஓடி, இன்வெர்ட்டரில் நெடுநேரம் தாங்கும் ஆர்ம்64 (64-பிட் ஆர்ம்) போர்டு இங்கே பொருத்தமான தேர்வு. ஆனால் மாறும் விதத்தில் கவனம் வேண்டும். நான் செய்த தவறு எளிதாக யாரும் செய்யக்கூடியது.

படிப்பகங்களின் பழைய கணினிகளில், டெபியன் 12ஐ அடிப்படையாக வைத்து நாங்களே கட்டிய ஒரு சின்ன டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) ஓடியது. தமிழ்99 தட்டச்சு, தமிழ் எழுத்துருக்கள், லிப்ரே ஆபீஸ், சிறுவர்களுக்கான பாட மென்பொருள்கள் எல்லாம் அதில் உண்டு. அதை ஆர்ம்64க்குக் கொண்டுபோக, ஒரு கணினியில் டிபிகேஜி கெட்-செலெக்ஷன்ஸ் கட்டளை கொடுத்து, நிறுவியிருந்த அத்தனை பேக்கேஜ் பெயர்களையும் எடுத்தேன். 1,800க்கும் மேல் வரிகள். புதுப் போர்டில் அப்படியே, பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் ஆப்ட்-கெட் இன்ஸ்டால் கட்டளைக்குக் கொடுத்தேன். ஒரு பெயர் கிடைக்காவிட்டாலும் ஆப்ட்-கெட் மொத்தத்தையும் நிறுத்திவிடும். கிடைக்காத பெயர்களை அழி, மறுபடி ஓட்டு. அப்புறம் டிபென்டென்சி பிழை (ஒரு பேக்கேஜுக்குத் தேவையான இன்னொன்று இல்லை), அதையும் அழி, மறுபடி ஓட்டு. இரண்டு நாள் இப்படியே போனது. கடைசியில் பிழைச் செய்தி இல்லாமல் ஓடி முடிந்தபோது வேலையும் முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

அழித்த வரிகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. சில பெயர்களில் ஆர்க்கிடெக்சரே, அதாவது சிப் ரகமே, ஒட்டியிருக்கும். 64-பிட் இன்டெலையும் சேர்த்தே டெபியன் ஏஎம்டி64 என்கிறது. லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64 என்பதை லினக்ஸ்-இமேஜ்-ஆர்ம்64 என்று மாற்ற வேண்டும், அழிக்கக் கூடாது. க்ரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64க்கும் அப்படியே. இன்டெல்-மைக்ரோகோட், க்ரப்-பிசி, மெம்டெஸ்ட்86+ போன்றவை அந்த ரகக் கணினிக்கென்றே எழுதப்பட்டவை. ஆர்ம் பக்கம் அவற்றுக்கு வேலை இல்லை, கவலையில்லாமல் விடலாம். இன்னொரு ரகம், எங்கும் ஓட வேண்டிய பேக்கேஜ்தான், ஆனால் இந்த வெளியீட்டில் நமக்கு வேண்டிய ஆர்க்கிடெக்சரில் பில்ட் (மூலநிரலிலிருந்து பேக்கேஜைக் கட்டுவது) தோற்றுப்போயிருக்கும். அடுத்த வெளியீட்டில் யாராவது சரிசெய்து வந்திருக்கும், ஆனால் கையால் அழித்தவருக்கு அது திரும்பி வந்தது தெரியவே தெரியாது. கடைசியாக, டெபியனுக்கு வெளியிலிருந்து வந்தவை. எங்கள் பிரிண்டர் டிரைவர் அந்த ரகம். இதற்கு மாற்று வழி தேட வேண்டும், பயன்படுத்துகிறவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இத்தனை ரகத்தையும் நான் ஒரே டெலீட் பொத்தானால் தீர்த்திருக்கிறேன்.

ஒரு சிப்பில் ஓடும் நிரல் இன்னொன்றில் ஏன் தோற்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். சி மொழியில் சார் என்ற வகை குறை எண்களைத் தாங்குமா, தாங்காதா என்பதை மொழி சொல்லவில்லை, அந்தந்தத் தளத்திடம் விட்டுவிட்டது. லினக்ஸில் இன்டெல் பக்கம் தாங்கும், ஆர்ம் பக்கம் தாங்காது. கட்டளையோடு வரும் விருப்பங்களைப் படிக்கும் கெட்-ஆப்ட், முடிவில் திருப்பித் தரும் -1ஐ ஒரு சார் மாறியில் வாங்கி, -1 வரும்வரை சுற்று என்று எழுதியிருந்தால், ஆர்மில் அது 255 ஆகிவிடும், சுற்று முடியவே முடியாது. பில்டின் முடிவில் ஓடும் டெஸ்ட் அங்கேயே தொங்கும். எங்கள் வருகைப்பதிவு நிரலிலேயே இந்தப் பிழை இருந்தது. இன்டெலில் அத்தனை வருடமும் ஒரு குறையும் காட்டவில்லை.

சரி, இப்போது எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். நிறுவியிருப்பதன் பட்டியலை விட்டுவிட்டு, நமக்கு வேண்டியதன் பட்டியலை மட்டும் வைத்திருக்கிறேன். நாமே கேட்டு நிறுவியவற்றைக் காட்டும் ஆப்ட்-மார்க் ஷோமேனுவல் கட்டளை நல்ல தொடக்கம். ஆனால் முதல் நிறுவலின்போதே இறங்கிய அடிப்படைப் பேக்கேஜ்களும் அதில் வந்து நிற்கும், ஒருமுறை உட்கார்ந்து களைய வேண்டும். எங்கள் 1,800 வரிகள் 140 ஆகின. லைப்ரரி (மற்ற நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுதி) பெயர் ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. 32-பிட் கணினிகளின் 2038ஆம் ஆண்டு நேரப் பிரச்சினையை (நேரத்தைக் குறிக்கும் எண் 32 பிட்டில் அடங்காமல் போவது) தீர்க்க 2024இல் டெபியன் நூற்றுக்கணக்கான லைப்ரரி பேக்கேஜ்களின் பெயரில் டி64 என்று ஒட்டியது. லிப்எஸ்எஸ்எல்3 என்பது லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆனது. 64-பிட் பக்கமும் பெயர் மாறியது. லைப்ரரிகளை வரிவரியாக எழுதிவைத்தவர்களின் பட்டியல் டெபியன் 13க்குப் போகும்போது பழசாகிவிடும். வேண்டிய மென்பொருளை மட்டும் கேட்டால் அதற்கான லைப்ரரியை ஆப்ட் தானே கொண்டுவரும்.

மீதி வேலை ஒரு பைதான் ஸ்கிரிப்டுடையது. டெபியன் மிரரில் (பேக்கேஜ்களை இறக்கிக்கொள்ளும் சர்வர்) ஒவ்வொரு ஆர்க்கிடெக்சருக்கும் தனித்தனி பேக்கேஜஸ் கோப்பு இருக்கிறது, எல்லாவற்றுக்கும் பொதுவாக, மூலநிரல்களைப் பட்டியலிடும் சோர்சஸ் கோப்பு இருக்கிறது. இவற்றை இறக்கிக்கொண்டால் போர்டே தேவையில்லை, மேசைக் கணினியிலேயே ஓட்டலாம். ஒவ்வொரு பெயருக்கும் ஸ்கிரிப்ட் முதலில் ஆர்ம்64 கோப்பில் தேடும். இல்லாவிட்டால் வேறு ஏதாவது பேக்கேஜ் அந்தப் பெயரை ப்ரொவைட்ஸ் வரியில் தருகிறதா என்று பார்க்கும். அதுவும் இல்லையென்றால் நான் எழுதிவைத்த பெயர்மாற்ற அட்டவணை. அங்கும் இல்லாதபோதுதான் சோர்சஸுக்குப் போகும். அங்கே ஆர்க்கிடெக்சர் வரியை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, அது அந்தச் சோர்ஸிலிருந்து பிறக்கும் எல்லாப் பேக்கேஜ்களுக்கும் சேர்த்த வரி. பேக்கேஜ்-லிஸ்ட் பகுதியில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் தனித்தனியாக எழுதியிருக்கும். அதில் எனி அல்லது லினக்ஸ்-எனி (எந்த ஆர்க்கிடெக்சருக்கும்) என்றிருந்தால் பில்டுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். ஏஎம்டி64 மட்டும் என்றிருந்தால் இயல்பிலேயே நமக்கில்லாதது. சோர்சஸிலேயே பெயர் இல்லையென்றால் வெளியிலிருந்து வந்தது, மனிதர் ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும்.

ஸ்கிரிப்டில் நான் மிகவும் முக்கியமாக நினைப்பது ஒரே விதியைத்தான். எந்தப் பெயரையும் அது சத்தமில்லாமல் விடாது. விடுபடும் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் விலக்குக் கோப்பில் காரணமும் தேதியும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும், போர்டில் ஏற்ற வேண்டிய இமேஜ் உருவாகாது. வாராவாரம் தானாக ஓடி, முடிவை, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் சேர்க்கிறது. காத்திருந்த பேக்கேஜ் வந்துசேர்ந்தால் அந்த வாரமே தெரிந்துவிடும்.

பெயர் இருப்பதும் நிறுவ முடிவதும் ஒன்றல்ல. அதற்கு டோஸ்-டெப்செக் என்ற கருவி இருக்கிறது. டிபென்டென்சிகள் எல்லாம் பொருந்தி ஒரு பேக்கேஜை நிறுவ முடியுமா என்ற கேள்வி என்பி-முழுமை வகைக் கணக்கு (எல்லா நிலையிலும் விரைவாகத் தீர்க்கும் வழி தெரியாதது) என்று எடாஸ் என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டத்தில் நிறுவியிருக்கிறார்கள். இதற்கு நாமே அரைகுறையாக எழுத வேண்டாம், அந்தக் கருவியை நம்பலாம். அது முதல் ஓட்டத்திலேயே எங்கள் மெட்டா பேக்கேஜை (தன்னோடு மற்றவற்றை இழுத்துவருவதற்கென்றே உள்ளது) பிடித்தது. ஆர்க்கிடெக்சர் ஆல் என்று போட்டிருந்தோம், அதனால் எல்லா இடத்திலும் ஓடும் என்று நம்பினோம். ஆனால் அதன் டிபென்ட்ஸ் வரியில் இன்டெல்-மைக்ரோகோட் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் சதுர அடைப்பில் ஏஎம்டி64 என்று நிபந்தனை போட்டால் மட்டும் போதாது. அந்த நிபந்தனை பேக்கேஜைக் கட்டும் நேரத்தில் தீர்மானமாவது, ஆல் பேக்கேஜோ ஒரே இடத்தில் ஒரே தடவை கட்டப்படுவது. எனி என்று மாற்றி, ஆர்க்கிடெக்சருக்கு ஒன்றாகக் கட்டிய பிறகுதான் சரியானது. லைவ்-பில்ட் என்ற கருவியில் இமேஜ் கட்டுகிறவர்கள் பட்டியல் கோப்புக்குள்ளேயே இஃப் ஆர்க்கிடெக்சர்ஸ் என்று நிபந்தனை எழுதலாம். நாலைந்து பேக்கேஜுக்கு அதுவே போதும்.

2025 ஆகஸ்ட் 9இல் டெபியன் 13 வெளியானபோது ரிஸ்க்-வி64 என்ற இன்னொரு சிப் ரகம் முதன்முறையாக அதிகாரபூர்வ ஆர்க்கிடெக்சர்களில் சேர்ந்தது. ஐஐடி மெட்ராஸின் சக்தி செயலிகள் அந்த ரிஸ்க்-வி குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் ஊர்ப் படிப்பகத்துக்கும் அப்படி ஒரு போர்டு வரும் என்ற ஆசையில், வருவதற்கு முன்பே பட்டியலைத் தயாராக வைக்க நினைத்தேன். பெயர்மாற்ற அட்டவணையில் சில வரிகள் சேர்த்து, ஆர்ம்64 என்ற இடத்தில் ரிஸ்க்-வி64 என்று கொடுத்து ஓட்டினேன். சில நிமிடம் ஓடிவிட்டு நின்றது. நின்ற வரி பிரிண்டர் டிரைவர், காரணம் எழுதச் சொல்லிக் கேட்டது. ஆர்ம்64 விலக்குக் கோப்பில் அதற்கு நேரே ஏற்கெனவே எழுதியிருந்தேன்: "கம்பெனி இன்டெலுக்கு மட்டும் தருகிறது. படிப்பகத்தில் பழைய கணினி ஒன்றை பிரிண்ட் சர்வராக வைத்து கப்ஸ் வழியே பகிர்ந்திருக்கிறோம். டீச்சரிடம் சொல்லியாயிற்று." அதையே இங்கும் எழுதி, அன்றைய தேதியைப் போட்டேன்.