எமோஷனல் இன்டெலிஜென்ஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

'அவர் ரொம்ப எமோஷனல்' என்றால் சட்டென்று கண் கலங்குபவர் அல்லது சட்டென்று கத்துபவர் என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். அதனால் அலுவலகப் பயிற்சி வகுப்பில் 'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்' என்று காதில் விழும்போது குழப்பம் வருகிறது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆத்திரத்தோடு புத்தியைச் சேர்த்துப் பேசினால்?

தன் மனத்தில் எழுவது கோபமா, பயமா, அவமானமா என்று பிரித்தறிவது, எதிரே இருப்பவரின் மனநிலையை முகத்திலும் குரலிலும் கண்டுகொள்வது, இரண்டையும் கணக்கில் எடுத்து நடந்துகொள்வது: இந்தத் திறன்தான் அது. அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர் சலோவே, ஜான் மேயர் இருவரும் 1990-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதை ஒரு தனித் திறனாக வரையறுத்தார்கள். 1995-இல் டேனியல் கோல்மன் இதே தலைப்பில் எழுதிய புத்தகம் இதை நிர்வாக உலகத்துக்குக் கொண்டுபோனது.

முடிவெடுப்பதில் உணர்ச்சிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ டமாசியோ, மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்ட சிலரை ஆராய்ந்தார். அறிவுத் தேர்வில் அவர்களுக்குக் குறை தெரியவில்லை. ஆனால் உணர்ச்சி மங்கியிருந்தது. அவர்களில் ஒருவரிடம் அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகள் கொடுத்தபோது, எது வசதி என்று கிட்டத்தட்ட அரை மணி நேரம் அலசிக்கொண்டே இருந்தாராம். ஆக, நம் பழமொழி பாதி உண்மைதான். ஆத்திரம் புத்தியை மறைக்கும், சரி. உணர்ச்சியே இல்லாவிட்டாலும் புத்தி ஓடாது.

'எமோஷன்' என்ற சொல்லுக்கு மூலம், 'வெளியே அசைத்தல்' என்று பொருள்படும் லத்தீன் வினை. பழைய பிரெஞ்சு வழக்கில் அது ஊர்க் கலவரத்தையும் குறித்தது. நம் கல்வியியல் நூல்களில் வரும் 'மனவெழுச்சி நுண்ணறிவு' இந்த மூலத்துக்கு நெருக்கமானது. மக்கள் எழுச்சி என்று நாமும் சொல்கிறோமே. ஆனால் வாயில் நுழைய வேண்டாமா? 'உணர்ச்சி நுண்ணறிவு' கொஞ்சம் எளிது. அதிலும் ஒரு சிக்கல்: உணர்ச்சி என்றதும் நமக்கு உணர்ச்சிவசப்படுதல்தான் நினைவுக்கு வருகிறது.

என் தேர்வு 'உணர்வறிவு'. காரணம், 'உணர்' என்ற வேர். வலியையும் உணர்கிறோம், தவறையும் உணர்கிறோம். முதலாவது புலனுக்குத் தெரிவது, இரண்டாவது அறிவுக்குத் தெரிவது. தூக்கத்திலிருந்து விழிப்பதைப் பழந்தமிழில் 'துயிலுணர்தல்' என்றார்கள். இன்னும் அழகானது, குறளில் வரும் 'ஊடல் உணர்தல் புணர்தல்'. இங்கே உணர்தல் என்றால் ஊடல் தீர்ந்து சமாதானமாவது. அப்படியொரு பொருளும் இந்த ஒரே சொல்லுக்குள் இருக்கிறது.

'குறிப்பறிதல்' போதாதா என்று சிலர் கேட்பார்கள். குறளில் அந்தப் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. ஒன்று பொருட்பாலில், சொல்லாமலே பிறர் மனத்தைப் படிப்பது பற்றி. மற்றொன்று காமத்துப்பாலில். அருமையான சொல்தான், ஆனால் அது அடுத்தவர் மனத்தைப் படிப்பதோடு நின்றுவிடுகிறது. இரவு பதினொரு மணிக்கு வந்த மின்னஞ்சலைப் பார்த்துக் கொதித்த மேலாளர், பதிலைக் காலையில் அனுப்பிக்கொள்ளலாம் என்று தன்னைத்தானே நிறுத்திக்கொள்வதைக் குறிப்பறிதல் என்று சொல்ல முடியாது.

அப்புறம், இந்தத் திறனின் அளவைச் சொல்லும் 'ஈக்யூ'வை (எமோஷனல் கோஷன்ட்) 'உணர்வறிவு ஈவு' என்று எழுதலாமா? ஈவு என்பது வகுத்தால் கிடைக்கும் எண். நுண்ணறிவை அளக்கும் ஐக்யூவில் ஆரம்பத்தில் மன வயதை உண்மையான வயதால் வகுத்தார்கள், அதனால் அங்கே ஈவு பொருந்தியது. இங்கே வகுக்க ஒன்றுமில்லை. 'உணர்வறிவு' என்று மட்டும் எழுதினால் போதும்.