மரம் அறுத்த சிறுமி நினைவில் சிறுவனாக மாறியது எப்படி?

1983-இல் அமெரிக்க உளவியலாளர்களான கேரல் மார்ட்டினும் சார்லஸ் ஹால்வர்சனும் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளிடம் சில படங்களைக் காட்டினார்கள். ஒரு படத்தில் சிறுமி ஒருத்தி மரம் அறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் கழித்து அத்தகைய படங்களைப் பற்றிக் கேட்டபோது, அந்த வேலையைச் செய்தது சிறுவன்தான் என்று சொல்லும் போக்கு குழந்தைகளிடம் தென்பட்டது. அவர்கள் பொய் சொல்லவில்லை. மரம் அறுப்பது ஆணின் வேலை என்று மனம் முன்பே முடிவு செய்திருந்ததால், அதற்குப் பொருந்தாத காட்சியை நினைவே திருத்திவிட்டது.

பதின்வயதினருக்குப் பாலின முன்முடிவுகளைப் பற்றிக் கற்பிப்பவர்கள் இங்கிருந்து தொடங்குவதே நல்லது என்று நினைக்கிறேன். பெண் விமானி ஒருவரின் படத்தையும் ஆண் செவிலியர் ஒருவரின் படத்தையும் சுவரில் ஒட்டிவிட்டால் போதும் என்று நாம் நம்பிவிடுகிறோம்; ஆனால் அந்தப் படங்களை விதிவிலக்கு என்று ஒதுக்கிவைக்கவோ அடியோடு மறந்துவிடவோ மனத்துக்கு வழி தெரியும். இத்தகைய முன்முடிவைக் குறிக்கும் ஸ்டீரியோடைப் என்ற ஆங்கிலச் சொல்லே அச்சுக்கூடத்திலிருந்து வந்தது. கோத்த எழுத்துகளை அச்செடுத்து வார்த்த உலோகத் தகட்டை அது குறித்தது. ஒருமுறை வார்த்துவிட்டால் தனி எழுத்தை மாற்றுவது எளிதன்று. மனத்திலுள்ள படிமங்களுக்கு அச்சொல்லை 1922-இல் பொருத்தியவர் அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன்.

இந்த வார்ப்பு வெகு சீக்கிரம் தொடங்குகிறது. உளவியலாளர் லின் பியனும் அவருடைய குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுச் சிறுமிகள் 'மிக மிகப் புத்திசாலி' என்னும் அடையாளத்தைத் தம் பாலினத்தோடு சிறுவர்களைப் போன்ற அளவிலேயே இணைத்தார்கள். ஆறு, ஏழு வயதுச் சிறுமிகளிடம் அந்த இணைப்பு குறைந்திருந்தது.

பதின்வயதில் இதனோடு இன்னொன்றும் சேர்கிறது: நண்பர்களின் பார்வை. அழுவது ஆணுக்கு அழகல்ல என்பதைத் தனிமையில் ஏற்காத மாணவன்கூட, மற்ற எல்லாரும் அதை ஏற்பதாக எண்ணிக்கொண்டு வகுப்பில் அழும் நண்பனைக் கேலி செய்யக்கூடும். அந்தக் கேலியைப் பார்க்கும் மற்றவர்கள், தங்களைத் தவிர அனைவரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்று முடிவு செய்வார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே ஐயுறும் ஒரு விதி, யாரும் வாய்திறக்காததாலேயே நிலைத்துவிடுகிறது. சொற்பொழிவு இதைத் தொடுவதில்லை. மாணவர்கள் ஒருவர் கருத்தை ஒருவர் நேரில் கேட்கும் உரையாடலுக்கே இதைக் கலைக்கும் வாய்ப்பு அதிகம்.

அத்தகைய உரையாடலுக்கு நல்ல சான்று ஹரியாணாவில் இருக்கிறது. அங்கு 314 அரசுப் பள்ளிகளை ஆய்வுக்கு எடுத்து, குலுக்கல் முறையில் தேர்ந்த ஒரு பகுதிப் பள்ளிகளில் மட்டும், ஏறக்குறைய மூன்று வாரங்களுக்கு ஒருமுறை 45 நிமிட வகுப்பு என இரண்டரை ஆண்டுகள் நடத்தினார்கள். 2022-இல் வெளியான முடிவுகளின்படி, சமத்துவத்துக்கு எதிரான மனப்பான்மைகளில் சுமார் 16 விழுக்காடு மாறியிருந்தது. வீட்டு வேலைகளில் கூடுதலாகப் பங்கெடுப்பதாகச் சிறுவர்களே சொன்னார்கள். 16 விழுக்காட்டைச் சிலர் சிறியதாகக் கருதலாம். இளம் வயது முழுவதும் ஊறிய எண்ணங்களைச் சில பத்து மணி நேரத்தில் அவ்வளவு அசைக்க முடிந்தது எனக்குப் பெரிதாகவே தோன்றுகிறது.

'அப்படியானால் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடே இல்லையா?' என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அதற்கு நேர்மையான பதில் தேவை. உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005-இல் 46 தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பவை) திரட்டிப் பார்த்தபோது, உளவியல் வேறுபாடுகளில் 78 விழுக்காடு சிறியவையாகவோ பூச்சியத்தை ஒட்டியவையாகவோ இருந்தன; பந்தை எறியும் வேகம் போன்ற சிலவற்றில் மட்டுமே இடைவெளி பெரிதாக இருந்தது.

ஆசிரியர் தம் சொற்களிலும் கவனமாக இருக்க வேண்டும். 'கணக்கில் ஆண்களைப் போலவே பெண்களும் திறமைசாலிகள்' என்பது ஊக்கமூட்டும் வாக்கியமாகத் தெரிகிறது. ஆனால் இத்தகைய ஆங்கில வாக்கியத்தைப் படித்தவர்கள் ஆண்களுக்கே இயல்பான திறமை அதிகம் என்று ஊகித்ததை 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒருவரை அளவுகோலாக நிறுத்தி மற்றவரை அதில் அளப்பதே காரணம். இருபாலாரையும் எழுவாயாக்கி 'ஆண்களும் பெண்களும் கணக்கில் சமமான திறமை உடையவர்கள்' என்று சொன்னபோது அந்த ஊகம் குறைந்தது.