‘ரூல் ஆஃப் லா’: சட்டம் ஒழுங்கா, சட்டத்தின் ஆட்சியா?

மாடி வீட்டுக்காரர் போன வாரம் காலை ஏழரைக்கெல்லாம் கதவைத் தட்டினார். அவர் மகள் ஹங்கேரியில், டெப்ரெட்சன் நகரில் மருத்துவம் படிக்கிறாள். “என்ன தம்பி, அங்க ஏதோ கலவரமாமே? சட்டம் ஒழுங்கு கெட்டுப்போச்சுன்னு டிவியில ஓடுது. பாப்பாவுக்குப் போன் போட்டா எடுக்கவே மாட்டேங்குது.”

எடுக்காதுதான். அங்கே அப்போது விடியற்காலை நான்கு மணி. கீழே ஓடிய வரியை நானும் போய்ப் பார்த்தேன்: ‘ஹங்கேரியில் சட்டம் ஒழுங்கு மோசம், ஐரோப்பிய ஒன்றியம் கவலை.’ ஆங்கில மூலத்தில் இருந்தது ‘ரூல் ஆஃப் லா’. இந்தத் தவறை எத்தனையாவது முறையாகப் பார்க்கிறேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

சொல்லின் கதையை நாலு வரியில் முடித்துவிடலாம். எண்ணம் பழையது, அந்த ஆங்கிலத் தொடரைப் பரவலாக்கியது 1885-ல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஏ. வி. டைசி எழுதிய நூல். அமைச்சரோ, காவலரோ, கடைக்காரரோ, எல்லோரும் ஒரே சட்டத்துக்கும் ஒரே நீதிமன்றங்களுக்கும் உட்பட்டவர்கள் என்பது சாரம். ஜெர்மானியர்கள் ‘ரெக்ட்ஸ்டாட்’ என்கிறார்கள். சட்ட அரசு என்று பிரிக்கலாம். ஹங்கேரிய ‘யோகாலாம்’ என்பதும் அதே கட்டுமானம்தான். ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 2-ஆவது பிரிவு, மக்களாட்சி, மனித உரிமைகளோடு இதையும் ஒன்றியத்தின் அடிப்படை விழுமியங்களில் ஒன்றாக வைக்கிறது.

இப்போது ‘சட்டம் ஒழுங்கு’க்கு வருவோம். தமிழில் இது காவல்துறைச் சொல். சட்டம் ஒழுங்கு ஏடிஜிபி என்று பதவியே உண்டு. கேட்டதும் நம் கண்ணுக்குத் தெரிவது லத்தி, தடுப்புக் கம்பிகள், மூடிய கடைகள். அதாவது, மக்கள் அடங்கி நடக்கிறார்களா என்று அரசு கேட்கிற கேள்வி. ‘ரூல் ஆஃப் லா’ கேட்பது நேர் எதிர்: அரசு அடங்கி நடக்கிறதா? ஒன்றை மற்றொன்றாக எழுதுவது, குற்றம் சாட்டப்பட்டவரையும் புகார் கொடுத்தவரையும் மாற்றிப் போடுவது போல. 2022 டிசம்பரில் ஹங்கேரிக்குச் சேர வேண்டிய சுமார் 630 கோடி யூரோவை ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்திவைத்தது. பொதுக் கொள்முதலில் முறைகேடு, ஊழலை விசாரிக்க ஆளில்லாமை போன்றவை காரணம். இதைப் போய் ‘சட்டம் ஒழுங்குப் பிரச்சினையால் நிதி நிறுத்தம்’ என்று எழுதினால், தலைநகர் புடாபெஸ்டில் சங்கிலிப் பறிப்பு அதிகமாகிவிட்டது போலிருக்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

சரி, இது கவனக்குறைவு. திருத்திவிடலாம். எனக்கு உண்மையான சண்டை ‘சட்டப்படியான ஆட்சி’ என்று எழுதுகிற, விஷயம் தெரிந்தவர்களோடு. கேட்க நன்றாக இருக்கிறது, இலக்கணமும் சரி. ஆனால் போலந்துத் தலைநகர் வார்சாவில் 2018-ல் நடந்ததை இந்தத் தொடரை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.

போலந்தில் அப்போது ஆண்ட கட்சியின் பெயர் ‘சட்டமும் நீதியும்’. (கிண்டல் இல்லை, நிஜப் பெயரே அதுதான்.) உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-லிருந்து 65-க்குக் குறைத்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பதவியில் இருந்தவர்களுக்கும் அது பொருந்தும். 72 பேரில் 27 பேர் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள். நீடிக்க விரும்பினால் குடியரசுத் தலைவர் மனது வைக்க வேண்டும். தலைமை நீதிபதி மவுகொஜாத்தா கெர்ஸ்டோர்ஃபுக்கு வயது 65. அரசியலமைப்போ அவருக்கு ஆறு ஆண்டுப் பதவிக்காலம் தந்திருந்தது, அது 2020-ல்தான் முடியும். ஜூலை 4 காலை அவர் வழக்கம்போல வேலைக்கு வந்தார். தூண்களில் லத்தீன் சட்ட வாசகங்கள் பொறித்த கட்டடம் அது. வாசலில் ‘கான்ஸ்டிடுட்சியா’, அதாவது அரசியலமைப்பு, என்று எழுதிய பதாகைகளோடு கூட்டம். அந்த ஒரு சொல்லுக்குள், அவர்கள் மொழியில் ‘டி’ என்ற நீயும் ‘யா’ என்ற நானும் ஒளிந்திருப்பதை எழுத்து நிறம் மாற்றிக் காட்டியிருந்தார்கள். எந்த மொழிபெயர்ப்பாளருக்கும் வராத அதிர்ஷ்டம் போலந்து மொழிக்கு.

கவனியுங்கள், அந்த ஓய்வு வயதுச் சட்டம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுத்து நிறைவேறியது, கையெழுத்தாகி வெளியானது. முழுக்கச் சட்டப்படி! ‘சட்டப்படியான ஆட்சி’ என்று எழுதுபவர் இங்கே வாயடைத்துப் போவார். சட்டத்தைக் கருவியாக வைத்து ஆள்வது வேறு, ஆள்பவர் மேலேயே சட்டம் உட்கார்ந்திருப்பது வேறு. 2019 ஜூன் 24-ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அந்த நடவடிக்கை தவறென்று தீர்ப்பளித்ததும் இரண்டாவதன் பெயரால்தான். நீதிபதியை நினைத்த நேரத்தில் நகர்த்தலாம் என்றால் நீதித்துறைச் சுதந்திரம் எங்கே இருக்கிறது? ஆகவே ‘சட்டத்தின் ஆட்சி’. ஆள்வது சட்டம் என்று எழுவாயை அது கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. இலங்கையில் வழங்கும் ‘சட்டவாட்சி’யும் எனக்குச் சம்மதமே, சுருக்கமாகவும் இருக்கிறது.

தூய தமிழ் அன்பர் ஒருவர் ‘செங்கோன்மை’ போதாதா என்று கேட்டார். அழகான சொல், போதாது. கோல் வளையாமல் இருப்பது அரசன் குணத்தைப் பொறுத்தது. கோல் அவன் கையில்தானே இருக்கிறது? நல்ல மன்னன் அமைந்தால் நம் அதிர்ஷ்டம். நல்லவர் அமையாவிட்டாலும் தாங்குகிற ஏற்பாட்டுக்கல்லவா நாம் பெயர் தேடுகிறோம்.

அப்புறம் ‘சிவில் லிபர்ட்டீஸ்’. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இதற்கென ஒரு குழு இருக்கிறது. அதை ‘குடியுரிமைக் குழு’ என்று எழுதியதை இந்த ஆண்டே இரண்டு இடத்தில் பார்த்தேன். குடியுரிமை என்றால் பாஸ்போர்ட் சமாச்சாரம். பேச, கூட, எழுத, அந்தரங்கமாக இருக்க உள்ள உரிமைகளை ‘குடிமை உரிமைகள்’ என்று ஒரு ‘மை’ சேர்த்து எழுதினால் தீர்ந்தது. அதுவும் உறுத்தினால் ‘சிவில் உரிமைகள்’ போதும்; மக்கள் சிவில் உரிமைக் கழகம் அப்படித்தானே வைத்துக்கொண்டிருக்கிறது. இந்த இடத்தில் தூய்மைக்காகச் சண்டை போட எனக்கு ஆசையில்லை. பிழைக்குத் தூய தமிழ்ச் சட்டை போட்டு அனுப்புவதுதான் எரிச்சல். இயந்திரம் கொடுத்ததை அப்படியே ஒட்டுகிறார்கள், ஒட்டியதை அடுத்தவர் எடுக்கிறார், மூன்றாமவர் அதையே வழக்குச் சொல் என்று எனக்குச் சான்று காட்டுகிறார்.

மாடி வீட்டுக்காரருக்கு இதில் பாதியைத்தான் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அப்போ பாப்பா காலேஜ் போகலாம்ல?”

“தாராளமா போகலாம் சார்.”

“அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி” என்றபடி மாடியேறினார்.