ஸ்பிரிங் எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

பல்லடம், சூலூர் பக்கம் மில்லோ குடோனோ கட்டுகிறவர்கள் டிசைனோடு வந்தால், அடித்தளத்து மண்ணுக்கு என்ன ஸ்பிரிங் எண் (மண்ணைக் குறிப்பிட்ட அளவு அமுக்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று சொல்லும் எண்) போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். கேட்டால், "மண் டெஸ்ட் ரிப்போர்ட்லயே இருக்குங்களே" என்பார்கள். ரிப்போர்ட்டில் இருப்பது தாங்குதிறன், அதாவது மண் மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பது. அதைப் பாதுகாப்புக் காரணியாலும் 40ஆலும் பெருக்கி ஸ்பிரிங் எண் என்று எழுதியிருப்பார்கள். மண் சுமார் 25 மில்லிமீட்டர் அமுங்கும் என்று வைத்துக்கொண்டு போடும் குறுக்குவழி அது. உங்கள் மண் எவ்வளவு அமுங்கும் என்று அதற்குத் தெரியாது.

மண்ணை வரிசையாக நிற்கும் தனித்தனி ஸ்பிரிங்குகளாகப் பார்க்கும் முறை 1867இல் எமில் விங்க்ளர் தந்தது. ரயில் தண்டவாளத்துக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் ராஃப்ட் (கட்டடம் முழுவதற்கும் அடியில் போடும் ஒரே கான்கிரீட் பலகை) முழுக்கச் சீராகப் பாரம் ஏற்றிப் பாருங்கள்: எல்லா ஸ்பிரிங்கும் ஒரே அளவு அமுங்கும், ராஃப்ட் வளையவே வளையாது என்று கணக்கு சொல்லும். நிஜ மண்ணில் ஓரிடத்துப் பாரம் பக்கத்து மண்ணையும் சேர்த்து இறக்குவதால், நடுப்பகுதி கூடுதலாக இறங்கிக் குழியும். குறைந்தபட்சம் ஓரத்து ஸ்பிரிங்குகளையாவது நடுவில் உள்ளதைவிட விறைப்பாகக் கொடுக்க வேண்டும்.

மண் மேல் இரும்புத் தகடு வைத்துப் பாரம் ஏற்றி, அமுங்குவதை அளந்து எண்ணைக் கண்டுபிடித்தாலும் கவனம் தேவை. களிமண்ணில் அகலம் கூடக் கூட இந்த எண் அதே விகிதத்தில் குறையும் என்று மண் பொறியியல் முன்னோடி டெர்சாகி 1955லேயே எழுதிவிட்டார். 30 சென்டிமீட்டர் தகட்டில் கிடைத்த எண், 6 மீட்டர் அகல ராஃப்டுக்கு இருபதில் ஒரு பங்குதான். அந்தத் தகட்டின் அழுத்தம் முக்கால்வாசி 60 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். கிராவல் கொட்டி உருட்டிய தரையில் தகட்டை வைத்தால், கீழே கிடக்கும் கரிசலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"எண் கொஞ்சம் மாறினால் என்ன, கம்பி பெரிதாக மாறாதே" என்று இளம் பொறியாளர்கள் சொல்வார்கள். பாதி சரி. நீளமான பீமில் ஒரு தூண் பாரம் நின்றால், எண் 16 மடங்கு குறைந்தாலும், கம்பியின் அளவைத் தீர்மானிக்கும் பெண்டிங் மொமென்ட் (பீமை வளைக்கும் விசை) இரண்டு மடங்குதான் ஆகும். ஆனால் இறக்கம் 8 மடங்கு கூடிவிடும். ஸ்பின்னிங் மில்லில் ரிங் பிரேம் (நூல் நூற்கும் நீள மெஷின்) லெவல் தப்பினால் நூல்தான் அடி வாங்கும். கட்டடம் விழவில்லை என்பது மில்காரருக்கு ஆறுதல் ஆகாது.

அப்புறம் கரிசல். பாரம் இல்லாமலே அசையும் மண் அது. கோடையில் வெடித்துச் சுருங்கும், ஐப்பசி மழையில் ஓரத்திலிருந்து உப்பும். சாதாரண ஸ்பிரிங் தானாக எழும்பாது. அதனால் உப்பலைத் தனியாகக் கொடுத்து, மண் கான்கிரீட்டைக் கீழே பிடித்து இழுக்காதபடி ஸ்பிரிங்கின் இழுவிசையையும் நீக்கிய பிறகே கம்ப்யூட்டரில் மாடலை ஓட்ட வேண்டும். ஒரே மனையில் ஒரு மூலையில் பாறையும் மறு மூலையில் ஆளுயரக் கரிசலும் நம் பக்கம் சகஜம். அங்கே மனை முழுக்க ஒரே எண் போடுவது ஆபத்து.

உங்கள் பொறியாளரிடம் எண்ணைப் பாதியாக்கி ஒரு தடவை, இரட்டிப்பாக்கி ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டிலும் தூணுக்குத் தூண் இறக்க வித்தியாசம் மெஷின் தாங்குகிற அளவுக்குள் நின்றால் ராஃப்டே போதும். நிற்காவிட்டால், கரிசலைத் தாண்டி இறங்கும் அண்டர்ரீம்டு பைலுக்கு (அடிப்பக்கம் குமிழாக அகன்ற கான்கிரீட் தூண்) எவ்வளவு ஆகும் என்று அப்போதே விலை கேட்டுவிடுங்கள்.